12,000 மூடு ரப்பர்

எங்கள் விளை (தோட்டம்) 60 சென்ட். அதில் 12,000 மூடு (மரம்) ரப்பர் நிற்கிறது என்று வீட்டில் இரண்டு நோட்டுகளில் எழுதியிருக்கிறது. ஒன்று பெரியவளுடையது, மற்றது சின்னவனுடையது. இரண்டிலும் அந்த விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு சரிக்குறி. போட்டது நான். ரப்பர் மரத்தையே பார்க்காத பட்டணத்துக்காரி இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த மரங்களுக்கு நடுவே நடக்கிறவள்தான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு அடையாளம் சொல்லச் சொன்னால்கூடச் சொல்லிவிடுவேன். ஆனாலும் சரி போட்டிருக்கிறேன்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. சின்ன விஷயம் என்று தள்ளப் பார்த்தேன், தள்ளுபடி ஆகவில்லை. பிள்ளைகளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்பதை இங்கே முன்பே எழுதித் தீர்த்தாயிற்று. அதற்குச் சண்டை போட வேண்டியவர்களும் போட்டு முடித்துவிட்டார்கள். இது வேறு சங்கதி. வயது வித்தியாசம் உள்ள இரண்டு பிள்ளைகளை ஒரே வகுப்புப் புத்தகத்தில் உட்கார வைத்தது பற்றி.

ஒரு பாய், ஒரு புத்தகம்

போன ஜூன் மாதம். பெரியவளுக்கு 11 முடிந்திருந்தது, பள்ளியில் இருந்தால் ஆறாம் வகுப்பு. சின்னவனுக்கு 8, மூன்றாம் வகுப்பு. ஆளுக்கு ஐந்து பாடம் என்றால் பத்துப் பாடம். எனக்குக் கையில் இருப்பதோ காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் உள்ள மூன்று மணி நேரம். அவங்க அப்பா விடியுமுன் மரங்களில் பால்வெட்டு முடித்துவிட்டு ஏழரை பஸ்ஸில் தக்கலைக்கு வேலைக்குப் போய்விடுவார். பால் எடுப்பது, அரிப்பது, தண்ணீர் கலந்து டிஷ்களில் ஊற்றி ஆசிட் விடுவது, முந்தின தடவை உறைந்ததை மிஷினில் கொடுத்து ஷீட்டாக்கிக் கொடியில் போடுவது எல்லாம் எனக்கும், நான் மாமா என்று கூப்பிடுகிற என் மாமனாருக்கும். அடுப்படி எனக்கு மட்டும். இதற்கு நடுவில் இரண்டு செட் புத்தகத்தை விரித்து, இவளுக்குப் பின்னம், அவனுக்கு வாய்ப்பாடு என்று மாறி மாறித் தாவினால் இரண்டு பேருக்கும் பாதி அம்மாதான் கிடைப்பாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அதனால் ஐந்தாம் வகுப்புப் புத்தகம். ஆறுக்கும் மூன்றுக்கும் நடுவே நாலரை, அதை ஐந்தாக்கினேன். சந்தையில் மீன் பேரம் படிவதுபோலத்தான் அந்த வகுப்பு படிந்தது. “இது எனக்குத் தெரிஞ்சதுதானே?” என்று பெரியவள் ஒரு தடவை கேட்டாள். “திரும்பப் படிச்சா நல்லா உறச்சு நிக்கும் மக்களே” என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மூத்த பெண்பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்பதில்லை என்பது, நானே மூத்தவளாக வளர்ந்தும், அன்றைக்கு என் ஞாபகத்துக்கு வரவில்லை.

வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர்களுக்கு இது புது யோசனை ஒன்றும் அல்ல. கதை, வரலாறு, அறிவியல் இதெல்லாம் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றாக. கணக்கும், எழுதப் படிக்கிறதும் அவரவர் நிலைக்குத் தனித்தனியாக. இப்படித்தான் அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள், எனக்கும் தெரியும். தெரிந்தே நான் கணக்கையும் சேர்த்தேன். நேரத்தைத் தின்பது கணக்குதானே.

மூன்று மாதம் சொல்லிக்கொள்கிற மாதிரியே நடந்தது. அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு பாய், நடுவில் ஒரு புத்தகம், இரண்டு பக்கமும் இரண்டு தலை. நான் மரச்சீனி நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பேன், இரண்டு பேரும் எழுதுவார்கள். ஒரு சட்டம் வைத்திருந்தேன்: இரண்டு பேரும் முடித்தால்தான் பாயைச் சுருட்ட வேண்டும். முந்தி முடிக்கிறவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். பொறுமை வரும், ஒற்றுமை வரும், அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கிற பழக்கம் வரும் என்று நினைப்பு. மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த மதினி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “எனக்க வீட்டுல ரெண்டும் ஒரு மேசையில அஞ்சு நிமிசம் இருக்காது, இது என்ன மாயம்?” என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வயது இளையவன் அக்கா அளவுக்கு வந்துவிட்டான் என்று ஊரில் பேச்சும் கிளம்பியது. நான் மறுக்கவில்லை. அவன் விடைகள் அவ்வளவு சரியாக இருந்தன.

மழை நாளில் ஒரு கேள்வி

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. மரம் நனைந்தால் வெட்ட முடியாது; தண்ணீர் பட்டையோடு இறங்கிப் பாலை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஐப்பசியில் தொடர்ந்து நாலு நாள் வெட்டு இல்லை. மாமாவுக்குச் சும்மா இருப்பது பெரிய தண்டனை. கத்தி தீட்டினார், மண்வெட்டிக்குக் கைபோட்டார், பழைய சாக்கு தைத்தார். நாலாம் நாள் தைக்க சாக்கும் இல்லை. கட்டன் சாயை ஒரு கையில், பாயில் கிடந்த நோட்டு இன்னொரு கையில் என்று திண்ணையில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தார்.

“மோளே” என்று கூப்பிட்டார். நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். “நம்ம விளையில 12,000 மூடு ரப்பர் எப்பம் நட்டது?”

கேலி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். நோட்டைக் காட்டினார். முந்தின நாள் நானே போட்ட கணக்கு. ஒரு ஏக்கரில் 200 மூடு நடலாம் என்றால் 60 சென்டில் எத்தனை? 100 சென்ட் ஒரு ஏக்கர் என்பது எங்கள் வீட்டில் சோறு உண்ணத் தெரிவதற்கு முன்பே தெரிந்துகொள்கிற கணக்கு. விடை: 12,000. அதன் பக்கத்தில் என் சரிக்குறி. அவர் அடுத்த நோட்டை எடுத்தார். அதிலும் 12,000. அதிலும் என் சரிக்குறி. சின்னவன் நோட்டில் அந்தக் கமாவுக்கு ஒரு வால் இருந்தது, கீழே இறங்கி இடது பக்கம் வளைந்த வால். பெரியவள் கமா போடுவது அப்படித்தான். சின்னவனுக்கு அப்போது ஆயிரத்தில் கமா எங்கே போடுவது என்றே தெரியாது. செய்த வழி என்று ஒரு கோடுகூட இல்லை. வெறும் விடை, மிதக்கிறது.

சின்னவனைக் கேட்டேன். தரையைப் பார்த்தான். “அக்கா சொன்னா.” சரி, பார்த்து எழுதியிருக்கிறான், பிள்ளைகள் செய்வதுதான். ஆனால் இவளுக்கு எப்படித் தப்பும்? பெரியவள் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு.

“உனக்குத் தெரியாதா மக்களே இது?”

“தெரியும். 120.” கொஞ்சம் நிறுத்தி, “அதும் புக்குக் கணக்குக்குத்தான். ஒக்கில 9 மூடு போச்சு. இப்பம் 111தான் நிக்கி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தது. அப்போது அவளுக்குச் சின்ன வயது. சாய்ந்த மரங்களை நாங்கள் எண்ணிப் பேசிக்கொண்டதை எப்போதோ கேட்டு எண்ணிவைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் 12,000 என்று எழுதியிருக்கிறாள்.

“பின்ன ஏன் அப்பிடி எழுதினா?”

“நீங்க பாப்பியளான்னு பாத்தேன்.”

மாமா சாயை கிளாஸைக் கீழே வைத்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பால்காரரிடம் அளவு குறைகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்: “நீங்க பாக்கதில்ல அம்மா. ரெண்டு நோட்டுலயும் ஒண்ணுபோல இருந்தா சரி போட்டுருவிய. வேற வேற இருந்தாத்தான் படிச்சுப் பாப்பிய.”

நான் மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மை அதுதான். இரண்டு விடையும் ஒத்துப்போனால் அதுவே எனக்கு விடைத்தாள். ஒருத்தர் தப்பினால் மற்றவர் தப்பமாட்டார் என்று என்னை அறியாமலே கணக்குப் போட்டிருக்கிறேன். அவள் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். பின்னால் போய்ப் புரட்டினேன். ஆவணி மாதத்திலிருந்தே அங்கங்கே உண்டு. ஒரு வாளியில் 340 லிட்டர் பால். ஒரு மணி நேரத்துக்கு 90 நிமிடம். எல்லாவற்றுக்கும் சரி. ஒவ்வொன்றும் எனக்காக அவள் வைத்த தூண்டில். நான் ஒன்றில்கூட மாட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், தூண்டில் இருப்பதைப் பார்த்தால்தானே மீன் மாட்டும்.

இதில் இன்னொன்றும் வெளியே வந்தது. அவள் தம்பிக்கு விடை சொல்லிக்கொடுத்தது பாசத்தில் இல்லை. பாயைச் சுருட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அவள் முடித்துவிடுவாள். அவன் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். என் சட்டப்படி அவள் அந்த முக்கால் மணி நேரமும் பாயில் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால் அரை மணி, விடையைச் சொல்லிவிட்டால் அரை நிமிடம். எந்தப் பிள்ளை அரை மணியைத் தேர்ந்தெடுக்கும்? அவன் பக்கமும் அப்படித்தான். விடை வரும் என்று தெரிந்தபிறகு யோசிப்பதை அவன் விட்டுவிட்டான். பென்சிலைக் கடித்தபடி அக்காவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதைத்தான் நான் கவனமாகப் படிக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

அறை ஒன்று, படி வேறு

இதில் எனக்கு வெட்கம் கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். செயல்வழிக் கற்றலைத் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த 2007-ஐ ஒட்டிய காலத்தில்தான் கற்பித்தல் பயிற்சிக்குப் போனேன். ஒன்றிலிருந்து நான்கு வரை உள்ள பிள்ளைகள் ஒரே அறையில் பாயில் வட்டமாக இருப்பார்கள். சுவரைச் சுற்றிக் கீழே, அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. அட்டைகளில் படங்கள், ஏணிபோல அடுக்கிய பாட வரிசை. பிள்ளை வந்ததும் ஏணியில் தன் படியைப் பார்த்து, தன் அட்டையை எடுத்து, அந்த அட்டைக்கு உரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு கூடப் படிக்கிற பிள்ளையோடு, ஒன்று தனியாக. குக்கிராமங்களுக்காக ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் வளர்த்தெடுத்த முறை, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாக எங்களிடம் வந்தது. அது நல்லதா கெட்டதா என்று ஆசிரியர்களுக்குள் நடந்த சண்டை தனிக் கதை. அட்டைகள் கிழிந்துபோனதைப் பற்றியே ஒரு புராணம் பாடலாம்.

ஆனால் அந்த அறையில் யாரையும் யாருக்காகவும் நிறுத்திவைக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பின்னால் இருக்கலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை முன்னால் போகலாம். ஏணி ஒன்று, படி அவரவருடையது. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் அதே எண்ணத்தில்தான். 2022-ல் அது ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு டீச்சர் பயிற்சிப் புத்தகங்களை எனக்குக் காட்டினார். ஒரே பாடம், மூன்று நிலைக்கு மூன்று வேலை. பார்த்துவிட்டு “நல்லாருக்கே” என்று சொன்னவள், வீட்டில் வந்து அறையையும் ஒன்றாக்கி, படியையும் ஒன்றாக்கினேன். ஒரு கூரைக்குக் கீழே சேர்த்துப் படிப்பிப்பதும் ஒரே புத்தகத்தில் கட்டிப்போடுவதும் ஒன்று என்று எப்படி நினைத்தேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. அல்லது விளங்குகிறது. ஒன்றில் எனக்கு வேலை அதிகம், மற்றதில் குறைவு.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சிலர் இழுப்பார்கள். அங்கே எல்லா வயதும் ஒன்றாகத்தானே இருந்தது, சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுத்தானே என்று. உண்மைதான். சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய பையன்களைக் கொண்டு சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1797-ல் அதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்து வரைக்கும் ‘மதராஸ் முறை’ என்று பெயர் போனது. பெருமையாக இருக்கிறது. நானும் ஆரம்பத்தில் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது எனக்கு ஒரே சந்தேகம்தான். சட்டாம்பிள்ளை எப்போது படித்தான்?

பரீட்சைக் கணக்கும் என் ஐந்தாம் வகுப்பு ஏற்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுத பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 ஆக வேண்டும். ஆக, எவ்வளவு சேர்த்துப் படித்தாலும் அவள் பரீட்சை எழுதும்போது அவன் எழுத முடியாது. எப்படியும் மூன்று வருடம் முன்னும் பின்னுமாகத்தான் அந்த வாசலைத் தாண்டப் போகிறார்கள். அப்படியானால் இப்போது அவளைப் பிடித்து நிறுத்தி யாருக்கு என்ன லாபம்? இதை ஜூன் மாதமே யோசித்திருக்கலாம். அப்போது மீன் பேரத்தில் இருந்தேன்.

மாமாவின் பெஞ்சு

அன்றைக்கு ராத்திரி மாமா ஒரு கதை சொன்னார். பதினைந்து வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன், அதுவரை கேட்டதில்லை. அவர் பிறந்தது அருமனைப் பக்கம். அந்தப் பக்கத்தில் மலையாளப் பள்ளிக்கூடமும் உண்டு, தமிழ்ப் பள்ளிக்கூடமும் உண்டு. இவரைச் சேர்த்தது மலையாளத்தில். மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது 1956 நவம்பர் 1 வந்தது, கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இனி தமிழ் படித்தால்தான் வேலை கிடைக்கும் என்று இவருடைய அப்பா முடிவெடுத்து இவரைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். பேசுவது தமிழ்தான், ஆனால் எழுத்து தெரியாது. எழுத்து தெரியாத பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? ஒன்றாம் கிளாஸில், தம்பிக்குப் பக்கத்தில்.

“ஆறு மாசம் அவனுக்க கூட இருந்தேன். பிறகு சார் என்னய தூக்கி மேல போட்டாரு. எழுத்து ஒண்ணும் கஷ்டம் இல்ல மோளே. ஒரு மாசத்துல வந்துட்டு. அந்தப் பெஞ்சு இருக்கே…” என்று நிறுத்திவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய தம்பியை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம், சாவு எதுவானாலும் வந்து, கூட்டம் சேர்ந்ததும் சொல்கிற ஒரு வேடிக்கை உண்டு: “அண்ணனுக்கு ‘அ’னா சொல்லிக் குடுத்தது நானாக்கும்!” எல்லாரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்; கை மட்டும் தோளில் கிடக்கிற துவர்த்தை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொள்ளும். அது எதற்கென்று நினைத்ததில்லை. ஆறு மாதம் ஒரு பெஞ்சில் இருந்ததற்கு ஏறக்குறைய 70 வருடமாகத் துவர்த்தை உதறிக்கொண்டிருக்கிறார்.

மாத்தூருக்குப் போனது

இதற்குப் பிறகு உடனே எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பிரிக்கவும் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அடுத்த மாதம் மழை விட்டதும் இரண்டு பேரையும் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதுவரை போகாததுபோலப் போய், கையில் டேப்பும் நோட்டும் கொடுத்தேன். புத்தகம் கிடையாது, கேள்வியும் கிடையாது.

சின்னவன் கீழே ஓடிப்போய்த் தூண்களை எண்ணினான். 28. இரண்டு தடவை எண்ணினான், ஒரு தடவை 27 வந்தது, மூன்றாம் தடவையும் எண்ணினான். யாரும் விடை சொல்லவில்லை என்பதால் அவனே எண்ண வேண்டியிருந்தது. பெரியவள் மேலே தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழரை அடி அகலம், ஏழு அடி ஆழம். கீழே 115 அடியில் பறளியாறு போகிறது. “கீழ ஒரு ஆறு நிறைய தண்ணி போவுது, அதுக்கு மேல எதுக்கு இன்னொரு தண்ணிய பாலம் கட்டிக் கொண்டுபோணும்?” என்றாள். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் சின்ன வயதிலிருந்து பள்ளிச் சுற்றுலா, விருந்தாளி, கல்யாணப் போட்டோ என்று எத்தனை தடவை வந்திருப்பேன்.

இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். சானல் தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போக வேண்டும். பள்ளத்தில் இறக்கிவிட்டால் மறுபக்கத்து மலைமேல் அது எப்படி ஏறும்? ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது தாழ்வில் இருக்கிறது, மேட்டு ஏலாவுக்கு (வயலுக்கு) எட்டாது. அதனால்தான் பட்டணங்கால் சானல் தண்ணீரை அதன் உயரத்தை விடாமல் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு 1966-ல் தொட்டி கட்டிக் கடத்தினார்கள். பெரியவள் வீட்டுக்கு வந்து பழைய கார்டன் ஹோஸை எடுத்து முற்றத்தில் இரண்டு நாள் சோதித்தாள். குழாய் மூடியிருந்தால் பள்ளத்தில் இறங்கியும் ஏறுகிறதே, சானல் மட்டும் ஏன் ஏறாது என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் தேட வேண்டியதாயிற்று. சின்னவன் அந்த இரண்டு நாளும் 28 தூணையும் வரைந்து வர்ணம் அடித்தான், ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பெயர் வைத்து. ஒரு தூணுக்கு என் பெயர். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது.

சேர்த்துப் படிப்பித்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆனால் மாத்தூர் தினமும் கிடைக்காது. கணக்கு தினமும் உண்டு.

ஐந்து மணி

கணக்கைப் பிரித்தேன். பிரித்ததில் இவளுக்குச் சந்தோஷம், அவனுக்குப் பெரிய அடி. மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்தபோது சின்னவன் கேட்டான்: “நான் தோத்துட்டனா?” அஞ்சாம் கிளாஸ் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான், சொல்ல விட்டதும் நான்தான். இப்போது அவனை எந்தப் பெஞ்சிலிருந்து எந்தப் பெஞ்சுக்கு மாற்றுகிறேன் என்று எனக்கே நெஞ்சு அடைத்தது. தை மாதம் வரைக்கும் அவன் கணக்கு நோட்டைத் திறக்கவே முரண்டு பிடித்தான். ஒரு நாள் பால் ஊற்றுகிற டிஷ்களை எண்ணும்போது மூவெட்டு எவ்வளவு என்று தானாகச் சொன்னான், விரலை மடக்காமல். அன்றைக்கு அப்படியே கொஞ்சம் வழி திறந்தது. இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. விடை எழுதியதும் அக்காவைத்தான் முதலில் பார்க்கிறான், பிறகு என்னை.

பெரியவளிடம் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. ஏழாம் வகுப்புப் புத்தகம் கேட்பாள் என்று நினைத்தேன். “நான் மட்டும் எப்பம் படிக்கது?” என்றாள். புத்தகம் எது என்பதே அவளுக்கு இரண்டாம்பட்சம். பிறந்து மூன்று வருடம்தான் அவளுக்கு முழு அம்மா கிடைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு இவன் வந்துவிட்டான். பள்ளிக்குப் போயிருந்தால் ஒரு வகுப்பறையாவது அவளுக்குத் தனியாகக் கிடைத்திருக்கும், தம்பி இல்லாத ஒரு இடம். வீட்டில் வைத்துப் படிப்பிப்பதாக எடுத்த முடிவில் நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தாம் வகுப்பு ஏற்பாட்டில் நான் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் யார் கணக்கிலிருந்து போனது என்பதும்.

இப்போது வெட்டுள்ள நாள்களில் காலை ஐந்து மணிக்கு எழும்புகிறாள். அவங்க அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விளையில் இறங்கிய பிறகு அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர். குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் ரப்பர் வீடுகளுக்கு ஐந்து மணி என்பது அகாலம் இல்லை. விகிதம் பண்ணுகிறாள். ஆசிட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நான் கண்ணளவில் ஊற்றுவதைத் திருத்தி, அளவுக் குவளையில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். சில நாள் கணக்கே இல்லை. உள்ளி உரித்துக்கொண்டு சும்மா இருப்பாள், நானும் சும்மா இருப்பேன். வீணாகப் போகிறதே என்று முதல் வாரம் பதைத்தது, இப்போது இல்லை. விடைகளை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்கிறேன். இடையில் ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருந்தாள். பிடித்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் அழித்துவிட்டு எழுதினாள், ஆனால் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது.

போன வாரம் சின்னவனுக்கு இது தெரிந்துவிட்டது. போர்வையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றான், கண் பாதி திறந்து. “ரெண்டு பேரும் இஞ்ச என்ன செய்யிய?” யாரும் பதில் சொல்லவில்லை. “எனக்க நேரம் எப்பம்?” என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நாளில் இன்னொரு ஐந்து மணி எங்கே இருக்கிறது? பெரியவள் எழும்பிப் போய், தன் கட்டன் சாயையில் பாதியை ஒரு டம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். “பைய குடி, சூடு” என்றாள். பிறகு கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வெளியே அவன் படியில் உட்காருகிற சத்தம் கேட்டது. விளையில் அப்பாவின் லைட் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எண்ண ஆரம்பித்தான், எங்களுக்குக் கேட்கட்டும் என்று நல்ல சத்தமாக. “முப்பத்தெட்டு… முப்பத்தொம்பது… நாப்பது…”